தனியே ஒரு பனிநடை: ஆர்க்டிக் தீவுகளை நடந்தே கடப்பது எப்படிச் சாத்தியமாகிறது?

கனடாவின் வடகோடியில், உலக வரைபடங்கள் பெரும்பாலும் வெண்ணிறத்தில் காட்டிவிட்டுக் கடந்துவிடும் பகுதியில், 36,000-க்கும் மேற்பட்ட தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றின் மொத்த நிலப்பரப்பு சுமார் 14 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆனால், மனிதர்கள் நிலையாக வாழும் ஊர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் சாலை கிடையாது. மரமும் கிடையாது. ஆண்டின் பெரும்பகுதியில் நிலமும் கடலும் ஒரே வெண்பரப்பாக உறைந்திருப்பதால், தீவு எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்பதே புதியவருக்குத் தெரியாது.

1988-ஆம் ஆண்டில், தமது 50-ஆவது வயதில், ஹெலன் தேயர் என்ற பெண்மணி இந்தப் பரப்பில் 27 நாள்கள் தனியாக நடந்தார். நியூசிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர் அவர். வட்டெறிதலில் நியூசிலாந்து, குவாத்தமாலா, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் சார்பில் களமிறங்கியவர்; மலையேற்ற வீராங்கனை. பாதர்ஸ்ட் தீவை ஒட்டிய உறைகடல் வழியே வடக்கு நோக்கிச் சென்று, அன்றைய காந்த வட துருவப் பகுதியை அடைந்து திரும்பிய அவர் கடந்த மொத்தத் தொலைவு சுமார் 585 கிலோமீட்டர். இயந்திர வண்டியோ, நாய்கள் இழுக்கும் வண்டியோ இல்லாமல், தமது உணவையும் கூடாரத்தையும் தாமே இழுத்துக்கொண்டு காந்த வட துருவத்துக்குத் தனியாகச் சென்ற முதல் பெண் அவர்தான்.

அதே பாதர்ஸ்ட் தீவுக்கு அருகே, 27 ஆண்டுகள் கழித்து, 2015 ஏப்ரல் இறுதியில், துருவப் பயணத்தில் தேர்ந்த இரு ஆய்வாளர்கள் பனி உடைந்து உயிரிழந்தனர். இவ்வகைப் பயணங்கள் எதை நம்பி நடக்கின்றன, அந்த நம்பிக்கையில் எந்தப் பகுதி இன்று ஆட்டம் கண்டிருக்கிறது என்பதை இந்த இரு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் விளங்கிக்கொள்ள முடியும்.

எங்கே இருக்கிறது இந்த நிலம்?

இன்று இப்பகுதி கனடாவின் நுனாவுட் ஆட்சிப்பகுதிக்குள் அடங்கும். 1999 ஏப்ரல் 1-ஆம் தேதி தனி ஆட்சிப்பகுதியாக உருவான நுனாவுட், பரப்பளவில் இந்தியாவின் ஐந்தில் மூன்று பங்குக்குச் சமம். மக்கள்தொகையோ சுமார் 37,000 மட்டுமே. அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் இனூயிட் இனத்தவர்.

வடக்கே செல்லும் பயணிகள் பலருக்கும் கடைசி விமான நிலையம் ரெசொலூட் என்னும் சிற்றூர். ஏறத்தாழ 200 பேர் வாழும் இவ்வூர் அமைந்துள்ள தீவின் பெயர் கார்ன்வாலிஸ். இந்திய வாசகர்களுக்குப் பழக்கமான பெயர்தான். திப்பு சுல்தானுடன் போரிட்ட தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸின் தம்பியும் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதியுமான வில்லியம் கார்ன்வாலிஸின் பெயரைத்தான் 1819-இல் மாலுமி வில்லியம் பாரி இத்தீவுக்குச் சூட்டினார். தளபதி இத்தீவில் கால் வைத்ததில்லை. இனூயிட் மக்கள் இவ்வூரைக் கவுசுயிட்டுக் என்று அழைக்கின்றனர். 'விடியல் இல்லாத இடம்' என்று அதற்குப் பொருள். நவம்பர் தொடக்கம் முதல் பிப்ரவரி தொடக்கம் வரை இங்கு சூரியன் எழுவதில்லை என்பதால், பாரி இட்ட பெயரைவிட இதுவே இடத்துக்குப் பொருத்தமானது.

அந்த இனூயிட் குடும்பங்களும் விரும்பி வந்து குடியேறியவர்கள் அல்லர். 1950-களில் கனடா அரசு, தெற்கே சுமார் 2,000 கிலோமீட்டர் தொலைவில் கியூபெக் மாகாணத்தின் இனுக்ஜுவாக் பகுதியில் வாழ்ந்தவர்களை இங்கும், இன்னும் வடக்கே எல்ஸ்மியர் தீவிலும் கொண்டுவந்து இறக்கியது. மாதக்கணக்கில் நீளும் இருளை அவர்கள் அதற்கு முன் கண்டதில்லை. இச்செயலுக்காக 2010-இல் அரசு முறைப்படி மன்னிப்புக் கோரியது. ரெசொலூட் வேட்டைக்காரர்களிடம் இன்று உள்ள பனியறிவு, அந்த முதல் தலைமுறை பசியிலும் இருளிலும் கற்றுச் சேர்த்த அறிவாகும். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு தனிநடைப் பயணியும் அதைக் கடன் வாங்கித்தான் புறப்படுகிறார்.

மார்ச் இறுதியும் ஏப்ரலும்

கோடையில் போகலாமே என்று தோன்றும். கோடையில் பனி உருகி நிலம் சேறாகும்; ஓடைகள் பெருக்கெடுக்கும்; தீவுகளுக்கு இடையே கடல் திறந்துகொள்ளும். ஒரே தீவுக்குள் முதுகுச் சுமையுடன் நடப்பவர்கள் கோடையைத் தேர்ந்தெடுப்பதுண்டு. தீவுவிட்டுத் தீவு செல்வோருக்கு உறைந்த கடல்தான் பாதை. உள்நிலத்தைவிட அது சமதளமானது. சறுக்கு வண்டியை இழுப்பதற்கு ஏற்றது. இனூயிட் மக்களுக்குக் காலங்காலமாக நெடுஞ்சாலையாக இருப்பதும் அதுவே.

நடுக்குளிர்காலத்தில் வெளிச்சம் இல்லை. மே இறுதிக்குப் பிறகு பனியை நம்ப முடியாது. எனவே, சூரியன் திரும்பிய பின்பும் பனி தளர்வதற்கு முன்பும் கிடைக்கும் சில வாரங்களே பயணத்துக்கு உரியவை. அந்த வாரங்களிலும் குளிர் குறைவென்று சொல்வதற்கில்லை. ரெசொலூட்டில் மார்ச் மாதச் சராசரி வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் அளவிலும், ஏப்ரலில் மைனஸ் 22 அளவிலும் இருக்கும். மைனஸ் 30 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், தோல் உணரும் குளிர் மைனஸ் 46-க்குச் சமம். மூடப்படாத கன்னமும் மூக்கு நுனியும் அந்நிலையில் பத்து நிமிடங்களுக்குள் உறையத் தொடங்கிவிடும்.

வியப்புக்குரிய மற்றொன்று, இந்நிலம் ஒரு பாலைவனம் என்பது. ஆண்டு முழுவதும் விழும் பனியை உருக்கி அளந்தாலும் 200 மில்லிமீட்டரை எட்டாது. ஜெய்சால்மரில் பெய்யும் மழையின் அளவுதான். நாம் காணும் வெண்மை புதிதாகப் பொழிந்த பனியால் வந்ததன்று. உருகாமல் தங்கிவிட்ட பனியைக் காற்று அள்ளி அள்ளி இடம் மாற்றுகிறது.

கிலோ கணக்கும் கலோரி கணக்கும்

தனிநடைப் பயணத்தின் முதல் போராட்டம் வீட்டிலேயே, எடைத்தராசின் முன்பு நடக்கிறது. குளிரில் சறுக்கு வண்டி இழுப்பவரின் உடல் நாளொன்றுக்கு 5,000 முதல் 6,000 கிலோ கலோரி வரை கேட்கும். மாவுச்சத்தும் புரதமும் ஒரு கிராமுக்கு நான்கு கலோரிதான் தரும். கொழுப்பு ஒன்பது தரும். ஆகவே துருவப் பயணிகளின் உணவில் வெண்ணெய், கொட்டைப் பருப்புகள், கொழுப்பு மிகுந்த இறைச்சி ஆகியவையே முதலிடம் பெறுகின்றன. அப்படித் தேர்ந்தெடுத்தாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ உணவு வேண்டும். ஒரு மாதத்துக்கு 30 கிலோ. அதனுடன் எரிபொருள், அடுப்பு, கூடாரம், உறங்கும் பை, துப்பாக்கி, வானொலிக் கருவி. தேயர் இழுத்த வண்டியின் எடை தொடக்கத்தில் 70 கிலோவுக்கு மேல் இருந்தது.

எரிபொருளைச் சமையலுக்கானது என்று எண்ணிவிடக் கூடாது. அதன் முதன்மையான பணி தண்ணீர் உண்டாக்குவது. சுற்றிலும் உறைந்த நீர் இருந்தும் குடிக்க ஒரு துளி இராது. பனியை அப்படியே வாயில் போட்டுக்கொண்டால், அதை உருக்கும் வெப்பத்தை உடலே தர வேண்டியிருக்கும். தாகம் தீருவதற்குள் குளிர் உள்ளே இறங்கிவிடும். அடுப்பு பழுதானால் உணவு இருந்தும் பயணம் முடிந்தது என்று பொருள். இதனாலேயே கூடாரத்தையோ உடையையோவிட அடுப்பைத் தலைமாட்டில் வைத்துக் காப்பவர்கள் உண்டு.

இருவர் சென்றால் ஒரு கூடாரம், ஓர் அடுப்பு, ஒரு துப்பாக்கியின் எடையைப் பங்கிட்டுக்கொள்ளலாம். தனியாகச் செல்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. எனவே அவர் எதையாவது விட்டுச் செல்லத்தான் வேண்டும். பெரும்பாலும் விட்டுச் செல்லப்படுவது மாற்றுப் பொருள்கள்: இரண்டாவது கையுறை, கூடுதல் எரிபொருள், எதிர்பாராத நாள்களுக்கான உணவு. பிழைக்கும் வாய்ப்பின் ஓரத்தைச் செதுக்கி எடையைக் குறைக்கிறார் என்று இதைச் சொல்லலாம்.

வியர்வை என்னும் எதிரி

வெப்பமண்டலத்தில் வாழும் நமக்கு, குளிரில் உயிரிழப்பு என்றதும் போதிய உடை இல்லாததே காரணமாகத் தோன்றும். துருவப் பயணிகள் அஞ்சுவது அதற்கு நேர்மாறானதை. உழைப்பால் உடல் சூடேறி வியர்த்தால், அந்த ஈரம் உடையின் அடுக்குகளில் தங்கும். நடையை நிறுத்தியதும் அங்கேயே உறையும். உறைந்த உடை குளிரைத் தடுக்காது. ஆகவே வியர்க்கும் முன்பே ஓர் அடுக்கைக் கழற்ற வேண்டும்; நிற்பதற்கு முன்பே அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். நாள் முழுவதும் இந்தக் கவனம் தேவை. நடையின் வேகத்தைத் தீர்மானிப்பதும் கால்களின் வலிமையைவிட வியர்வையே.

இரவிலும் அதே தொல்லை. உறங்குபவரின் மூச்சும் உடலின் ஈரமும் உறங்கும் பையின் பஞ்சுக்குள் சென்று பனியாகப் படிகின்றன. வெயிலில் உலர்த்த வழியில்லாத நிலையில், ஒவ்வோர் இரவும் பை சற்றே கனமாகி, சற்றே குளிராகிறது. இதைத் தடுக்க, ஈரம் புகாத உள்ளுறை ஒன்றுக்குள் படுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஈரமாக உறங்குவது இனிமையானதன்று. ஆயினும், மூன்றாவது வாரத்திலும் பை பயன்படும்.

விரல்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கூடாரக் கயிற்றைக் கட்டுவது, அடுப்பைப் பற்றவைப்பது, துப்பாக்கியை இயக்குவது ஆகிய எல்லாவற்றுக்கும் விரல் வேண்டும். விரலுக்குக் கனத்த கையுறை இடையூறு. கையுறையைக் கழற்றிய சில நொடிகளில் உணர்வு மங்கும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் முடிச்சை அவர் போடுவார். தனியாக இருப்பவர் விரல்களை இழந்தால் அடுத்தடுத்து எல்லாவற்றையும் இழக்கிறார்.

திசைகாட்டி பொய்யாகும் இடம்

காந்த வட துருவத்தைத் தேடிச் செல்பவருக்குக் காந்தத் திசைகாட்டி உதவாது என்பது இப்பயணத்தின் முரண். பூமியின் காந்தப்புலம் அங்கே ஏறக்குறைய நேர்செங்குத்தாக நிலத்துக்குள் இறங்குகிறது. முள்ளைப் பக்கவாட்டில் திருப்பும் விசை மிகவும் மெலிந்துவிடுகிறது. முள் தயங்கும், அலையும், எங்கோ நின்றுவிடும். 1988-இல் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பும் முழுமை பெற்றிருக்கவில்லை. வரைபடம், கரையோர மேடுகளின் தோற்றம், சூரியன் ஆகிய மூன்றுமே வழிகாட்டிகள். உள்ளூர் நண்பகலில் சூரியன் நேர் தெற்கே நிற்கும். மணிக்கு 15 டிகிரி வீதம் நகரும். கைக்கடிகாரமும் ஒரு நிழலும் இருந்தால் திசையைக் கணிக்கலாம். வானம் மூடி, தரைக்கும் மேகத்துக்கும் வேறுபாடு தெரியாத வெண்குருடு சூழும்போது இந்த வழியும் அடைபடும்.

இனூயிட் மக்களிடம் அதற்கும் ஒரு விடை இருக்கிறது. இக்லூலிக் பகுதி வேட்டைக்காரர்கள், நிலையாக ஒரே திசையிலிருந்து வீசும் காற்று செதுக்கிய நாக்கு வடிவப் பனிமேடுகளைக் காலால் உணர்ந்தே, இருளிலும் மூடுபனியிலும் திசை காண்பர். மேட்டை எந்தக் கோணத்தில் கடக்கிறோம் என்பதை மாறாமல் வைத்துக்கொண்டால் நேர்கோட்டில் செல்லலாம். மின்கலம் தேவையில்லாத கருவி இது.

காந்தத் துருவம் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1831 ஜூன் 1-ஆம் தேதி ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அதைக் கனடாவின் பூத்தியா தீபகற்பத்தில் கண்டறிந்தார். தேயர் நடந்த காலத்தில் அது கிங் கிறிஸ்டியன் தீவை ஒட்டிய பகுதியில் இருந்தது. 1990-களுக்குப் பிறகு ஆண்டுக்கு 50 கிலோமீட்டர் அளவுக்கு வேகம் பிடித்து, கனடாவை விட்டு விலகிச் சைபீரியாவை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது. அண்மை ஆண்டுகளில் அதன் வேகம் சற்றே தணிந்துள்ளது. எப்படியாயினும், 1988-ஆம் ஆண்டுப் பயணத்தை அதே இலக்குடன் இனி எவரும் மீண்டும் செய்ய இயலாது, இலக்கே இடம்பெயர்ந்துவிட்டது.

கரடியும் சார்லியும்

தேயரின் பயணம் முழுமையாகத் தனிமையானதன்று. ரெசொலூட்டில் இருந்த இனூயிட் வேட்டைக்காரர்கள், பனிக்கரடிகள் நடமாடும் பாதையில் ஒற்றை ஆளாகச் செல்வதைக் கேட்டுக் கவலை கொண்டு, கரடியை மோப்பம் பிடித்து எச்சரிக்கப் பழகிய ஒரு நாயை உடன் கொண்டுசெல்லுமாறு வற்புறுத்தினர். சார்லி என்று அவர் அழைத்த அந்தக் கறுப்பு நாய், தனது உணவைத் தானே ஒரு சிறு வண்டியில் இழுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நடந்தது.

அந்த அறிவுரை வீண்போகவில்லை. வழியில் பலமுறை கரடிகள் எதிர்ப்பட்டன. எச்சரிக்கைச் சுடரைச் சுட்டுப் பெரும்பாலானவற்றை விரட்ட முடிந்தது. ஒருமுறை கரடி ஒன்று நிற்காமல் பாய்ந்து வந்தபோது, தேயர் நாயின் கட்டை அவிழ்த்துவிட்டார். சார்லி கரடியின் பின்காலைக் கவ்விக்கொண்டு விடவில்லை. சுழன்று சுழன்று பார்த்த கரடி இறுதியில் ஓடிவிட்டது. பயணம் முடிந்ததும் சார்லியை அவர் தம்முடன் அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றார். நாய் இருந்ததால் இது 'தனிப்பயணம்' ஆகுமா என்று அளவுகோல் பிடிப்போர் கேட்பதுண்டு. உள்ளூர் மக்களின் சொல்லைக் கேட்டதனால் அவர் உயிருடன் திரும்பினார் என்பதே இதில் பெரிய செய்தி.

உலகில் சுமார் 26,000 பனிக்கரடிகள் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கனடாவைச் சார்ந்தவை. மனிதரைத் தாக்குவது அரிது. 1870 முதல் 2014 வரையிலான பதிவுகளைத் திரட்டி 2017-இல் வெளியான ஆய்வொன்று, ஆர்க்டிக் நாடுகள் அனைத்திலும் சேர்த்து 73 தாக்குதல்களையும் 20 உயிரிழப்புகளையும் கண்டறிந்தது. ஏறத்தாழ 145 ஆண்டுகளில் இது சிறிய எண்ணிக்கைதான். ஆனால், கடல்பனி மிகவும் சுருங்கியிருந்த 2010 முதல் 2014 வரையிலான ஐந்தே ஆண்டுகளில் மட்டும் 15 தாக்குதல்கள் பதிவாகின. தாக்கிய கரடிகளில் பெரும்பாலானவை மெலிந்தவை. பனியின் மீதிருந்து சீல்களை வேட்டையாடும் விலங்குக்குப் பனி குறைந்தால், பசியுடன் கரையோரம் அலைவதைத் தவிர வேறு வழியில்லை.

தனியாகச் செல்வோரில் கரடியிடம் சிக்கி மீண்டவர் தேயர் மட்டுமல்லர். 1978-இல் எல்ஸ்மியர் தீவிலிருந்து புறப்பட்டு, நாய்வண்டியில் தனியாக வட துருவத்தை அடைந்த ஜப்பானியர் நவோமி உவெமுராவின் கூடாரத்துக்குள் பயணத்தின் தொடக்கத்திலேயே கரடி புகுந்தது. அவர் உறங்கும் பைக்குள் அசையாமல் கிடந்தார். கரடி உணவைத் தின்றுவிட்டு அகன்றது.

கரடியைப் பற்றிய இந்த எச்சரிக்கை இந்திய விஞ்ஞானிகளுக்கும் அன்றாட நடைமுறை. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், நீ-ஓலசுண்ட் என்ற இடத்தில், 2008 ஜூலை முதல் 'ஹிமாத்ரி' என்ற இந்திய ஆய்வு நிலையம் இயங்கிவருகிறது. 2023 டிசம்பரில் முதன்முறையாகக் குளிர்காலக் குழுவும் அங்கு அனுப்பப்பட்டது. குடியிருப்புப் பகுதியைத் தாண்டிச் செல்வோர் கரடியை விரட்டுவதற்கான கருவிகளுடன்தான் செல்ல வேண்டும் என்பது ஸ்வால்பார்டில் சட்டம். நீ-ஓலசுண்டில் கட்டடக் கதவுகளைப் பூட்டும் வழக்கமும் இல்லை. கரடியைக் கண்டு ஓடி வருபவர் எந்தக் கதவையும் திறந்து உள்ளே புகலாம்.

உதவி எவ்வளவு தொலைவில்?

தேயரின் பயணம் முடியும் தறுவாயில் புயல் ஒன்று அவரைத் தாக்கியது. வண்டியில் இருந்த உணவின் பெரும்பகுதியைக் காற்று அள்ளிச் சென்றது. எஞ்சிய ஏழு நாள்களுக்குக் கைப்பிடியளவு வால்நட் பருப்புகளே மிச்சம். வானொலி வழியே உதவி கேட்டிருக்கலாம். கேட்காமல் நடந்து முடித்தார். துணிவுதான், ஆனால் பட்டினியுடன் நடந்த அந்த வாரத்தில் மற்றொரு புயல் வந்திருந்தால் கதையின் முடிவு வேறாக இருந்திருக்கும் என்பதையும் மறுக்க இயலாது.

அவசர அழைப்பு விடுத்தாலும் உதவி உடனே வந்துவிடாது. இப்பகுதிக்கான மீட்புப் பணிகளை ஒருங்கிணைக்கும் மையம் ஒன்டாரியோ மாகாணத்தின் டிரென்டனில் இருக்கிறது. அங்கிருந்து ரெசொலூட் 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால். வானிலை அனுமதித்தால் விமானம் புறப்படும். இல்லையெனில் கூடாரத்துக்குள் காத்திருக்க வேண்டியதுதான். உலங்கு வானூர்தியில் பறந்து எவரெஸ்ட் அடிவார முகாமிலிருந்து காத்மாண்டு மருத்துவமனைக்குச் சில மணி நேரத்தில் சென்றுவிடும் வசதியை இங்கே எதிர்பார்க்க முடியாது. இன்றைய பயணிகளிடம் செயற்கைக்கோள் தொலைபேசியும், பொத்தானை அழுத்தினால் இருப்பிடத்தை அறிவிக்கும் கருவியும் இருக்கின்றன. அவை தகவலை மட்டுமே விரைவாக்குகின்றன, விமானத்தை விரைவாக்குவதில்லை.

2015: பனி ஏமாற்றிய நாள்

மார்க் கார்னெலிசன், பிலிப் டி ரூ ஆகிய இருவரும் நெதர்லாந்தைச் சேர்ந்தவர்கள். உலகம் வெப்பமடைந்தாலும் ஆர்க்டிக்கில் கடைசிவரை எஞ்சும் என்று கருதப்படும் பனிப்பகுதியின் தடிமனை அளக்க 2015-இல் சறுக்கு நடையாகச் சென்றனர். கரடி வந்தால் எச்சரிக்க ஒரு நாயும் உடனிருந்தது. ஏப்ரல் 28-ஆம் தேதி கார்னெலிசன் அனுப்பிய குரல் பதிவில், வழக்கத்தை மீறி வெயில் சுட்டதாகவும், முன்னே மெல்லிய பனி தென்படுவதாகவும், அது ஆய்வுக்கு ஏற்றது என்றும் குறிப்பிட்டார். மறுநாள் அவர்களது கருவியிலிருந்து அபாய அறிவிப்பு வந்தது. பாதர்ஸ்ட் தீவுக்கு அருகே பறந்து தேடிய விமானம், பனியில் ஒரு திறப்பையும், சறுக்கு வண்டியையும், அதன் அருகே காத்திருந்த நாயையும் கண்டது. நாய் மீட்கப்பட்டது. இருவரில் ஒருவரின் உடல் மட்டுமே கிடைத்தது.

அவர்கள் அனுபவமற்றவர்கள் அல்லர். தனியாகச் சென்றவர்களும் அல்லர். மேலே விவரித்த எடைக் கணக்கிலோ, வியர்வைக் கட்டுப்பாட்டிலோ, கரடிக் காவலிலோ அவர்கள் குறை வைத்ததாகத் தெரியவில்லை. காலடியில் இருந்த தரை ஏப்ரல் மாதத்துத் தரையாக நடந்துகொள்ளவில்லை.

உறைகடலின் இயல்பை இங்கே விளங்கிக்கொள்ள வேண்டும். நன்னீர்ப் பனியைவிடக் கடல்பனி வலுக்குறைந்தது; உப்பு அதன் ஊடே நுண்ணிய வழிகளை விட்டுவைக்கிறது. தீவுகளுக்கு இடையேயான குறுகிய நீரிணைகளில் நீரோட்டம் வேகமெடுத்து, பனியை அடியிலிருந்தே அரிக்கும். பாதர்ஸ்ட் தீவின் கிழக்கே பென்னி நீரிணையிலும் குவீன்ஸ் கால்வாயிலும் குளிர்காலத்திலும் முற்றாக உறையாத நீர்ப்பகுதிகள் உண்டு. அவற்றின் ஓரங்களில் பனி மெலிந்திருக்கும். அதன் மேல் காற்று வெண்பொடியைத் தூவி மூடிவிட்டால், இரண்டு மீட்டர் தடிமனும் பத்து சென்டிமீட்டர் தடிமனும் மேலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தெரியும்.

இத்தகைய இடங்கள் முன்பும் இருந்தன. எங்கே, எந்த மாதத்தில், எந்தக் காற்றுக்குப் பிறகு அவை தோன்றும் என்பதை முதியோர் அறிந்திருந்தனர். அந்த அறிவின் காலக்குறிப்புகள்தாம் இப்போது பிசகுகின்றன. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாக வெப்பமடைந்துள்ளது என்று 2022-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. குளிர்காலப் பனிப்பரப்பு ஆண்டின் உச்சத்தைத் தொடும் நாளான 2025 மார்ச் 22-இல், அது 1.43 கோடி சதுர கிலோமீட்டராக மட்டுமே இருந்தது. செயற்கைக்கோள் பதிவுகள் தொடங்கியதிலிருந்து அதுவரை பதிவானவற்றில் இதுவே மிகக் குறைந்த உச்சம். எண்கள் அறிவியலாளருக்கு. ரெசொலூட் வேட்டைக்காரருக்கோ, தந்தை காட்டிய பாதையில் இந்த ஏப்ரலில் செல்லலாமா என்பதுதான் கேள்வி. சாகசப் பயணி வாழ்நாளில் ஒருமுறை வந்து போகிறார். அவர் வாரந்தோறும் உணவுக்காக அதே பனியில் இறங்குகிறார்.

கோலும் உணரியும்

பனியை நம்பலாமா என்பதைக் கண்டறிய இனூயிட் வேட்டைக்காரர் இன்றும் கையாளும் கருவி, நுனியில் இரும்பு பொருத்திய நீண்ட கோல். ஓங்கிக் குத்தும்போது கேட்கும் ஒலியும் கைக்கு வரும் அதிர்வும் தடிமனைச் சொல்லும். நிறமும் சொல்லும்: கருமை படர்ந்திருந்தால் புதிய மெல்லிய பனி, சாம்பல் சற்றே மேல், வெண்மை தடித்தது.

இந்த அறிவுக்குத் துணையாகக் கனடாவின் லாப்ரடார் கரையோரச் சமூகங்களில் தொடங்கப்பட்ட 'ஸ்மார்ட்ஐஸ்' என்ற திட்டம் நுனாவுட் ஊர்கள் பலவற்றுக்கும் பரவியுள்ளது. பனிவண்டியின் பின்னே இழுத்துச் செல்லப்படும் உணரி ஒன்று, போகும் வழியெங்கும் பனியின் தடிமனை அளக்கிறது. பனிக்குள் நிறுத்தப்படும் மிதவைகள் நாள்தோறும் அளவுகளை அனுப்புகின்றன. உள்ளூர் இளைஞர்களே கருவிகளை இயக்குகின்றனர். எங்கே அளக்க வேண்டும் என்பதை ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்கின்றனர். காலநிலைத் துறையில் இத்திட்டம் 2017-இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதைப் பெற்றது.

எனினும், உணரிகள் ஊர்களைச் சுற்றிய வேட்டைப் பாதைகளையே அளக்கின்றன. ஊரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால், மனிதர் எவரும் வாழாத தீவின் கரையில் நடக்கும் ஒற்றைப் பயணிக்கு அந்த எண்கள் கிடைப்பதில்லை. செயற்கைக்கோள் படம் பனி இருக்கிறதா என்று காட்டும். அது ஓர் ஆளைத் தாங்குமா என்று சொல்லாது. எனவே, துருவத் தீவுகளுக்குத் தனியாகப் புறப்படுவோர் இன்றும் ரெசொலூட்டில் சில நாள்கள் தங்கி, அந்தப் பருவத்தில் கடைசியாக வடக்கே சென்று திரும்பிய வேட்டைக்காரர் யார் என்று விசாரிக்கின்றனர். அவர் வேண்டாம் என்று கைகாட்டும் நீரிணையைச் சுற்றிக்கொண்டு செல்ல எத்தனை நாள் உணவு கூடுதலாக வேண்டும் என்று மீண்டும் தராசின் முன் உட்கார்கின்றனர்.